கைக்கு விலை உண்டு, கைப்பிள்ளைக்கு?

தோழர்களே! விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டில் நிற்கும் சகோதர சகோதரிகளே! ஆபீசில் பேனா பிடிக்கும் கிராணிமார்களே!

"கை கால் விளங்காதவனுக்குப் பிள்ளைகுட்டி ஒரு கேடா?"

இந்தப் பேச்சை நீங்கள் கேட்டதில்லையா? லயத்துத் திண்ணையில் கேட்டிருப்பீர்கள். தண்ணீர்க் குழாயடியில் கேட்டிருப்பீர்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருப்பீர்கள். "ஐயோ பாவம்" என்று தொடங்கும் அந்தப் பேச்சு, "அந்தப் பிள்ளையை யாராவது நல்லவர்கள் வாங்கி வளர்த்தால் ஆகாதா?" என்று முடியும். சொல்பவர் கெட்டவர் அல்லர். இரக்கம் உள்ளவர்தாம். ஆனால் அந்த இரக்கத்திற்குள்ளே ஒரு கத்தி இருக்கிறது. பால்வெட்டுக் கத்தியைவிடக் கூர்மையான கத்தி. அது தாயையும் பிள்ளையையும் இரண்டாக வெட்டும் கத்தி.

அந்தக் கத்தியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

என் தகப்பனார் கை

1967ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். பெயர் வேண்டாம், இன்று அந்தத் தோட்டமும் இல்லை, அந்தக் கம்பெனியும் இல்லை. பால் ஸ்டோரில் ஷீட்டு இழுக்கும் இயந்திரத்தின் உருளைக்குள் என் தகப்பனாரின் வலக்கை போயிற்று. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்போது வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். எனக்கு ஆறு வயது. அக்காளுக்கு ஒன்பது. கடைசித் தம்பிக்கு எட்டு மாதம்.

நஷ்டஈடு கிடைத்தது. 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின்படி, எந்த உறுப்பு போனால் எத்தனை சதவீதம் என்று ஓர் அட்டவணை உண்டு. கைக்கு இவ்வளவு, விரலுக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு. அதைக் கூட்டிக் கழித்து ஒரே தடவையாக ஒரு தொகை. பெரிய கிராணி அதை எண்ணிக் கொடுத்தார். தகப்பனார் இடக்கைப் பெருவிரலால் ரேகை வைத்தார். கணக்கு முடிந்தது என்றார்கள்.

யாருடைய கணக்கு முடிந்தது, தோழர்களே? கம்பெனியின் கணக்கு முடிந்தது. எங்கள் கணக்கு அன்றுதான் தொடங்கிற்று.

அம்மா பால்வெட்டுக்காரி. பெரட்டுக்குப் போக விடியுமுன் எழுந்தாக வேண்டும். அவள் பெயர் செக்ரோலில் இருந்தபடியால்தான் லயத்து அறை எங்களுக்கு மிஞ்சியது. அவளும் இல்லாதிருந்தால், கை போன மறு மாதம் சட்டி பானையோடு பெருஞ்சாலையில் நின்றிருப்போம். ஆக, அம்மா காட்டுக்கு, அப்பா வீட்டுக்கு. அன்றுதான் உறவினர் சிலர் கூடிப் பேசினார்கள். "கைப்பிள்ளையை ஒற்றைக் கையன் எப்படித் தூக்குவான்? டவுனில் ஓர் அனாதை இல்லம் இருக்கிறது. அங்கே விட்டால் சோறும் துணியும் படிப்பும் கிடைக்கும்" என்றார்கள். தோட்டத்து நிர்வாகத்தில் ஒருவரும் அதற்குக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார்.

என் தகப்பனார் பேசத் தெரிந்தவர் அல்லர். அன்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "கை போனது எனக்கு. பிள்ளைக்கு அப்பன் போகவில்லை."

பிறகு அவர் எப்படி வளர்த்தார் என்று சொல்கிறேன். நம் பாட்டிமார் பிள்ளை குளிப்பாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காலை நீட்டி உட்கார்ந்து, இரு கால்களின்மேல் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்கு ஒரு கை போதும். தகப்பனார் அப்படித்தான் தம்பியைக் குளிப்பாட்டினார். வேட்டித் துணியை ஏணையாகத் தோளில் கட்டிப் பிள்ளையை அதில் போட்டுக்கொள்வார். முடிச்சுப் போடப் பல் உதவியது. அக்காளுக்குத் தலை பின்ன அவரால் முடியாது. ஒரு காலை அவள் பிடித்துக்கொள்ள, மற்ற இரண்டையும் அவர் மாற்றி மாற்றிப் போடுவார். பின்னல் கோணலாகத்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். அக்காள் அந்தக் கோணல் பின்னலோடுதான் ஆறாம் வகுப்பு வரை படித்தாள்.

நான் முதல் வகுப்பில் சிலேட்டு எடுத்தபோது அவரும் இடக்கையால் எழுதப் பழகினார். நான் எழுதிய 'அ'வும் அவர் எழுதிய 'அ'வும் ஒரே அலங்கோலம். சில மாதங்களில் இருவருக்கும் எழுத்துத் திருந்தியது. அதன்பின் அவர் ரேகை வைத்ததில்லை, கையெழுத்துத்தான். இரண்டு வருடம் கழித்துச் சங்கக் கிளைச் செயலாளர் நிர்வாகத்தோடு போராடி அவருக்கு இரவுக் காவல் வேலை வாங்கித் தந்தார். அனாதை இல்லத்திற்குப் போகவேண்டியவன் என்று ஊர் தீர்ப்புச் சொன்ன தம்பி, இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன்.

இது வீரக்கதை அல்ல. அவருக்கு உதவி தேவைப்பட்டது. தண்ணீர்க் குழாய் லயத்துக் கோடியில் இருந்தது. ஒற்றைக் கையால் இரண்டு வாளி தூக்க முடியாது. பக்கத்து வீட்டு அத்தை தினமும் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவுதான். அந்த இரண்டு வாளித் தண்ணீரால் ஒரு குடும்பம் உடையாமல் நின்றது. இந்த இரண்டு வாளித் தண்ணீரை மறக்காதீர்கள். கடைசியில் மறுபடியும் இதற்கு வருவேன்.

பிள்ளையைப் பிரித்த சட்டம்

பெற்றவர் உடல் கெட்டால் பிள்ளையைப் பிரிப்பது ஏதோ ஒரு தோட்டத்துப் பேச்சு என்று நினைக்காதீர்கள். இந்த மண்ணில் அது அரசாங்கத்தின் நடைமுறையாகவே இருந்தது.

தொழுநோயாளரைக் கட்டாயமாகத் தனியே வைப்பதற்கு வெள்ளைக்கார ஆட்சி 1926இல் சட்டம் செய்தது. 1930இல் சிலாங்கூரில் சுங்கை பூலோ குடியிருப்புத் திறக்கப்பட்டது. பேராக்கு உட்பட மலாய் நாடுகள் பலவற்றிலிருந்தும் மக்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் இருந்தார்கள். உள்ளேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளையைத் தாயிடம் விடவில்லை. பிறந்த கொஞ்ச காலத்திற்குள் பிரித்துக் குழந்தைகள் விடுதியில் வைத்தார்கள். வெளியே இருந்து உறவினர் வந்து வாங்கிக்கொண்டால் சரி. இல்லையேல் தத்துக் கொடுத்தார்கள்.

அவர்கள் சொன்ன காரணம், பிள்ளைக்கு நோய் தொற்றக்கூடாது என்பது. மருந்து இல்லாத காலத்தில் அந்த அச்சத்திற்கு ஒரு நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1940களின் கடைசியிலேயே டாப்சோன் மருந்து வந்துவிட்டது. நோய் குணமாகத் தொடங்கிற்று. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளைப் பிரிப்பது நிற்கவில்லையே, ஏன்? நோய்க்குப் பயந்த காலம் போனது. விரல் மடங்கிய கையைப் பார்த்து முகம் சுளிக்கும் பழக்கம் போகவில்லை. அதுதான் காரணம்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் குடியிருப்பு மக்கள் பூச்செடி வளர்ப்பதில் பெயர் எடுத்தவர்கள். சுங்கை பூலோ நாற்றங்கால்களில் செடி வாங்காத ஊர் இல்லை. உணர்ச்சி மரத்த விரல்களால் நாற்று நட்டு, தண்ணீர் ஊற்றி, பூக்க வைத்தவர்கள் அவர்கள். செடி வளர்க்க அந்தக் கை ஆகும். பிள்ளை வளர்க்க ஆகாது என்றது சட்டம்! பல பத்தாண்டுகள் கழித்து, தலை நரைத்த பிள்ளைகள் தங்களைப் பெற்றவளைத் தேடி அந்தக் குடியிருப்புக்கு வந்தார்கள். சிலர் கண்டுகொண்டார்கள். பலர் கல்லறையைத்தான் கண்டார்கள்.

அந்தத் தாய்மாரிடம் பிள்ளையைப் பறித்தவர்களும் "பிள்ளையின் நன்மைக்காக" என்றுதான் சொன்னார்கள். "பிள்ளையின் நன்மைக்காக" என்று யாராவது தொடங்கினால், தோழர்களே, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

இன்று என்ன நிலை?

இன்று அந்தக் கொடுமை இல்லை. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பல இடங்களில் செம்பனையையும் சாய்த்து வீடமைப்புத் திட்டம் எழுப்பினார்கள். தோட்டத்தில் பிறந்த நம் பிள்ளைகள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். தொழிற்சாலையில், காவல் வேலையில், லாரியில் இருக்கிறார்கள். ஆனால் கை கால் போவது நின்றுவிட்டதா?

நிற்கவில்லை. வழிதான் மாறியது. அன்று இயந்திர உருளை. இன்று விடியற்காலை மோட்டார்சைக்கிள். அன்று மரம் விழுந்தது. இன்று சர்க்கரை நோய் காலைத் தின்கிறது. 2019இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். இந்தியரில் எத்தனை தெரியுமா? நூற்றுக்கு முப்பத்தொன்று! இதில் கால் புண்ணாகி, விரல் போய், பாதம் போய், முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேரை நம் தெருவிலேயே பார்க்கிறோம்! அவர்களில் எத்தனை பேருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்!

சட்டங்கள் வந்திருக்கின்றன. இல்லை என்று சொல்லமாட்டேன். 1969இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 1971இல் சொக்சோ வந்தது. ஒரே தடவைத் தொகை என்ற பழைய முறை மாறி, பெரிய ஊனத்திற்கு மாதாமாதம் பணம் என்ற முறை வந்தது. இது தொழிலாளர் இயக்கத்திற்கு வெற்றி. 2007 முதல் காயமடைந்தவரை மறுபடி வேலைக்குப் பழக்கும் திட்டம் நடக்கிறது. ஈப்போ மேரு ராயாவில் சொக்சோவின் பெரிய புனர்வாழ்வு மையமே எழுந்திருக்கிறது. இயந்திரக் கருவிகளைக் கொண்டு நடை பழக்குகிறார்கள். வரவேற்கிறோம்!

ஆனால் நான் கேட்கும் கேள்வி இது: வேலைக்குத் திரும்பத் திட்டம் உண்டு, பிள்ளையிடம் திரும்பத் திட்டம் உண்டா? செயற்கைக் காலோடு பத்தடி நடக்கக் கற்றுக்கொடுக்கிறீர்கள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடக்கக் கற்றுக்கொடுக்கிறீர்களா? திருகு முடுக்கக் கைக்குப் பயிற்சி தருகிறீர்கள். பிள்ளைக்குப் பொத்தான் மாட்ட, சோறு பிசைந்து ஊட்ட, தலை பின்னப் பயிற்சி உண்டா? தொழிலாளி என்பவன் முதலாளிக்கு வேலை செய்யும் உறுப்புகளின் தொகுப்புத்தானா? அவன் மடியில் உட்காரும் பிள்ளைக்கு அந்த அட்டவணையில் ஏன் ஒரு வரி இல்லை?

முழுதும் முடங்கி, இன்னொருவர் துணையின்றி இருக்க இயலாதவருக்குச் சொக்சோ மாதம் 500 வெள்ளி கவனிப்புப் படி தருகிறது. அது அவரைக் கவனிக்க. அவர் கவனிக்கவேண்டிய பிள்ளைக்கு? பிள்ளையின் படிப்புக்கு உதவி உண்டு என்பார்கள். உண்டு, கடனாக! அப்பன் காலை இழந்தான். மகன் கடனை அடைக்கிறான்.

2008இல் ஊனமுற்றோருக்கென்று தனிச் சட்டம் நிறைவேறியது. ஆனால் நிறைவேறியபோது அதில், மீறியவருக்கு என்ன தண்டனை என்று எழுதவில்லை. பல் இல்லாத சட்டம் என்று அன்றே பலர் சொன்னார்கள். 2010இல் மலேசியா, ஊனமுற்றோர் உரிமை பற்றிய ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை ஏற்றுக் கையொப்பத்தை உறுதி செய்தது. அந்த உடன்படிக்கையின் 23ஆம் பிரிவை ஒவ்வொரு கிளைச் செயலாளரும் மனப்பாடம் செய்யவேண்டும். அது இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று: பெற்றோருக்கு ஊனம் என்ற காரணத்திற்காகப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவே கூடாது. இரண்டு: பிள்ளை வளர்க்கும் பொறுப்பை ஊனமுற்றோர் நிறைவேற்றத் தக்க உதவியை அரசு செய்தாக வேண்டும். உறுதிமொழி கொடுத்தாயிற்று. நிறைவேற்றச் சொல்லிக் கேட்பது பிச்சை அல்ல. கொடுத்த வாக்கைக் கேட்பது.

எதிர்வாதம் செய்வோருக்கு

"பிள்ளைக்கு ஆபத்து வராதா?" என்பார் சிலர். கேட்கவேண்டிய கேள்விதான். பதில் சொல்கிறேன். கால் இல்லாத தாய் தரையில் உட்கார்ந்து சமைக்கிறாள். தவழும் பிள்ளை அடுப்பருகே வருகிறது. ஆபத்துத்தான். ஆனால் ஆபத்து அவள் காலில் இல்லை. அடுப்பு இருக்கும் இடத்தில் இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்தபடி எட்டும் மேடையில் அடுப்பை வை; ஆபத்துப் போயிற்று. மூன்றாம் மாடியில் குடிவைத்து, மின்தூக்கி பழுதானால் மாதக்கணக்கில் கிடப்பில் போட்டுவிட்டு, "இவளால் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட முடியவில்லை" என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்? கீழ் வீட்டைக் கொடு, பிறகு பேசு.

"பணம் எங்கே?" என்பார் சிலர். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்து வளர்க்கக் கட்டடம் வேண்டும், சமையற்காரர் வேண்டும், கண்காணிப்பாளர் வேண்டும், காவலாளி வேண்டும். அதற்கெல்லாம் அரசு கொடுக்கிறது, தருமவான்களும் கொடுக்கிறார்கள், மாலை போட்டுப் படமும் எடுத்துக்கொள்கிறார்கள். அதே பிள்ளையின் தாய்க்கு, அவள் வீட்டிலேயே, நாளைக்கு இரண்டு மணி நேரம் துணைக்கு ஓர் ஆள் அனுப்பப் பணம் இல்லையாம்! பிள்ளையைப் பெற்றவளிடமிருந்து பிரிப்பதற்குச் செலவழிக்கும் கை, சேர்த்து வைப்பதற்கு ஏன் சுருங்குகிறது?

"முன்வினை, தலைவிதி" என்பாரும் நம்மிடையே இருக்கிறார்கள். உருளையின்மேல் மூடி போடாதது யார் வினை? கம்பெனியின் வினை. கால்புண்ணை முன்னதாகப் பார்க்க வழியின்றித் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அலைய விட்டது யார் வினை? அதைத் தலையெழுத்து என்று சொல்லிக் கொடுத்தவர்கள், நாம் தலை நிமிராதிருக்கவே சொல்லிக் கொடுத்தார்கள்.

நம் முதுகையும் பார்ப்போம்

முதலாளியையும் அரசாங்கத்தையும் மட்டும் குறை சொல்லிவிட்டுப் பேனாவை மூடினால் நான் நேர்மையற்றவன்.

அப்பனுக்குக் கால் போனால் நம் வீடுகளில் முதலில் என்ன நடக்கிறது? தலைச்சன் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிறோம். அவள் அப்பனுக்குக் கால், அம்மாவுக்குக் கை, தம்பி தங்கைக்குத் தாய். "பொறுப்பான பெண்" என்று பாராட்டுகிறோம். பாராட்டு அல்ல அது, பறிப்பு! பெற்றவருக்கு உதவுவது பிள்ளையின் கடமைதான். ஆனால் அரசும் சங்கமும் செய்யவேண்டிய உதவியைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றுவது கடமை ஆகாது. என் அக்காளும் ஆறாம் வகுப்போடு நின்றாள். அவள் நின்றதால் நான் படித்தேன். அந்தக் கடனோடுதான் இதை எழுதுகிறேன்.

ஊனமுற்றது தாயாக இருந்தால் கொடுமை இரட்டிப்பு. ஆண் ஊனமுற்றால் "மனைவி பார்த்துக்கொள்வாள்" என்கிறோம். பெண் ஊனமுற்றால் "அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டால் என்ன?" என்கிறோம். அவள் கர்ப்பமானால் சொந்தத் தாயே "உனக்கு எதற்கடி இந்தத் தொல்லை?" என்று அழுகிறாள். வாழ்த்துச் சொல்ல ஒருவர் இல்லை. இது நம் வீட்டில் நடப்பது. எந்தத் துரையும் வந்து செய்யவில்லை.

சங்கமும் குற்றவாளிதான். சம்பளத்திற்கு, மருத்துவ விடுமுறைக்கு, வீட்டுக்கு என்று எத்தனையோ தீர்மானம் போட்டோம். விபத்துக்குப் பின் அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று போய்ப் பார்க்க ஒரு தீர்மானம் போட்டோமா? நஷ்டஈட்டுப் பணம் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டதோடு நம் வேலையும் முடிந்தது. பெரிய கிராணியைப் போலவே நாமும் கணக்கை மூடினோம்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை

நண்பர்களே, உங்கள் பேனாவில் ஒரு குடும்பத்தின் உயிர் இருக்கிறது. வேலையில் விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிக்கை அனுப்பவேண்டும். அதை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று மேசையில் வைப்பது ஒரு பிள்ளையின் பால்புட்டியைத் தட்டிவிடுவதற்குச் சமம். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் வேலை விபத்தாகவே கொள்ளப்படும். போலீஸ் புகாரையும் மருத்துவச் சீட்டையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வேலையில் அடிபட்டால்தான் சொக்சோ என்று எண்ணிச் சர்க்கரையால் கால் இழந்தவர்கள் வீட்டிலேயே கிடக்கிறார்கள். அது தவறு. நோயால் முடங்கி, வழக்கமாகச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க இயலாமற் போனவருக்கு, 60 வயது ஆவதற்கு முன் விண்ணப்பித்தால், சந்தா போதிய மாதங்கள் கட்டப்பட்டிருந்தால், மருத்துவக் குழு ஒப்பினால் இயலாமைப் பென்ஷன் உண்டு. ஆகவே சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று கை கால் நன்றாக இருக்கும்போதே பாருங்கள். குத்தகைக்காரனிடம் வேலை செய்பவர்கள் இருமுறை பாருங்கள். பல குத்தகைக்காரர்கள் சந்தாவைப் பிடிப்பார்கள், கட்டமாட்டார்கள்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: விபத்தாலோ நோயாலோ ஊனமுற்ற தொழிலாளியின் குடும்பத்தை, கடைசிப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை தோட்ட வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது. இது கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு விதியாக வரவேண்டும்.

இரண்டு: அரசாங்க அடுக்குமாடிகளில், நடக்க இயலாத பெற்றோருக்குக் கீழ்த்தளத்து வீடு முதலில் கொடுக்கப்படவேண்டும்.

மூன்று: புனர்வாழ்வு மையங்களில் வேலைப் பயிற்சியோடு பிள்ளை வளர்ப்புப் பயிற்சியும் தரவேண்டும்.

நான்கு: பிள்ளை வளர்க்கும் ஊனமுற்ற தாய் தந்தைக்கு, நாளைக்குச் சில மணி நேரம் வீட்டுத் துணை அரசு செலவில் வேண்டும். அந்தத் துணை பெற்றவருக்குக் கையாகவும் காலாகவும் இருக்கட்டும். பெற்றவரின் இடத்தைப் பிடிக்கவேண்டாம். பிள்ளை யாரிடம் "அப்பா" என்று ஓடுகிறதோ, அவர் சொற்படிதான் துணையாள் நடக்கவேண்டும்.

ஐந்து: அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கடன் அல்ல, கல்வி மானியம் வேண்டும்.

ஆறு: நம் தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோர் நாள் கூட்டம் கீழ் அறையில் நடக்கவேண்டும். இதற்குச் சட்டம் வேண்டாம், பணம் வேண்டாம், மனம் போதும். மாடிப்படி ஏற இயலாத தகப்பன் வாசலில் நிற்க, பிள்ளை தனியாகப் போய் மதிப்பெண் அட்டையை வாங்கி வரும் காட்சி இனி எந்தப் பள்ளியிலும் வேண்டாம். அந்தப் பிள்ளை அன்று கணக்குப் பாடத்தில் நூறு வாங்கியிருக்கும். ஆனால் அன்று அது கற்றுக்கொண்ட பாடம் வெட்கம்.

ஏழு: ஒவ்வொரு சங்கக் கிளையும் தன் எல்லையில் இப்படிப்பட்ட குடும்பங்களின் பட்டியல் எடுக்கவேண்டும். மாதம் ஒருமுறை ஒருவர் போய்ப் பார்க்கவேண்டும். "ஐயோ பாவம்" சொல்வதற்கு அல்ல, "என்ன வேண்டும், தோழரே?" என்று கேட்பதற்கு.

முடிவாக

இரண்டு வாளித் தண்ணீரை மறக்காதீர்கள் என்றேனே, அந்த அத்தையை நினைத்துப் பாருங்கள். அவள் "பிள்ளையை என்னிடம் கொடு, நான் வளர்க்கிறேன்" என்று சொல்லவில்லை. "உன்னால் ஆகாது" என்றும் சொல்லவில்லை. தகப்பனாரால் முடியாத ஒன்றை மட்டும் செய்துவிட்டு, முடிந்த எல்லாவற்றையும் அவருக்கே விட்டுவிட்டுப் போனாள். எழுத்தறியாத அந்தப் பால்வெட்டுக்காரி, ஐக்கிய நாட்டு உடன்படிக்கை 2006இல் எழுதியதை 1967இலேயே செய்தாள்!

அவள் அன்று தனியாகச் செய்ததை இன்று சங்கம் கூட்டாகச் செய்யவேண்டும். அரசு சட்டமாகச் செய்யவேண்டும். அதுவரை நம் தெருவில் யாராவது "கை கால் விளங்காதவனுக்குப் பிள்ளை எதற்கு?" என்று கேட்டால், வாயை மூடிக்கொண்டு போகாதீர்கள். நின்று பதில் சொல்லுங்கள்:

பிள்ளை கேட்பது அப்பனை. அப்பனின் கையை அல்ல!

கைக்கு விலை போட்டவர்களே, கைப்பிள்ளைக்கும் கணக்குச் சொல்லுங்கள்!